கடை யாருடையது?

குடியைப் பற்றி நாம் இரண்டே குரல்களில்தான் பேசுகிறோம். ஒன்று, மேடைக் குரல். "குடி குடியைக் கெடுக்கும்" என்று தொடங்கி, கைதட்டலோடு முடிந்துவிடும். மற்றொன்று, விடுதி அறைக் குரல். அது கிண்டலில் தொடங்கிச் சிரிப்பில் முடியும். இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் நாம். ஆனால், இந்த இரண்டு குரல்களும் கேட்கத் தவறிய ஒரு கேள்வி உண்டு. குடிப்பவன் யார் என்று கேட்கிறோம். கடை யாருடையது என்று ஏன் கேட்பதில்லை?

தமிழ் இலக்கியம் இந்த விசயத்தில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கவில்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதே தமிழில், அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலில் கள் நட்பின் அடையாளமாக வருகிறது. பகிர்ந்து உண்ட கள்ளை நினைத்துப் புலவர் கலங்குகிறார். ஆகவே, 'தமிழர் மரபு இதுதான்' என்று ஒற்றை வரியில் தீர்ப்பு எழுத இயலாது. நான் இங்கே பேச விரும்புவது அறநூலும் அன்று, மரபுப் பெருமையும் அன்று. கணக்கு. ஒரு குவளை மதுவுக்குக் கொடுக்கப்பட்ட காசு எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்னும் கணக்கு.

இந்தக் கணக்கைப் பார்க்க இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தென் பிரான்சில் ஒரு கால்வாயின் ஓரம் இருக்கும் ஆர்ஜெலியே என்னும் சிற்றூர். மற்றொன்று, நான் வசிக்கும் ஜெலுத்தோங்கிலிருந்து பாலத்தைக் கடந்து வடக்கே சென்றால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் எட்டிவிடக்கூடிய பீடோங். முதல் ஊரின் பெயரைப் பிரான்சின் வரலாற்றுப் புத்தகங்கள் சொல்கின்றன. இரண்டாம் ஊரின் கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம் என்பதை வாசகர்களே தங்கள் மனத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

கால்வாயும் திராட்சையும்

பிரான்சின் தெற்கே, தூலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாய் ஓடுகிறது. மிடி கால்வாய் என்பது அதன் பெயர். பெசியே நகரைச் சேர்ந்த பியேர் போல் ரிக்கே என்பவர் இதைத் திட்டமிட்டார். வேலை 1666இல் தொடங்கியது. 1681இல் கால்வாய் திறக்கப்பட்டது. அதைக் காண ரிக்கே உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் இறந்துபோனார். ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் கையால் மண் வெட்டிச் சுமந்த கால்வாய் இது. 1996இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நமது ஜார்ஜ்டவுனுக்கு அந்தப் பெருமை கிட்டியது 2008இல்.

இக்கால்வாயின் ஓரத்தில் இருக்கும் ஊர்களில் ஒன்றுதான் ஆர்ஜெலியே. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். இன்று அங்கே செல்லும் சுற்றுலாப் பயணிகள் வாடகைப் படகில் மெதுவாக மிதந்து வந்து, கரையில் இறங்கி, ஒரு கிண்ணம் ஒயின் அருந்திவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பார்ப்பதற்கு ஓய்வும் அழகும் மட்டுமே நிறைந்த இடம்போல் தோன்றும்.

ஆனால், கால்வாய் ஓய்வுக்காக வெட்டப்பட்டதன்று. குதிரைகள் கரையில் நடந்து இழுத்த படகுகள் தானியத்தையும் ஒயின் பீப்பாய்களையும் சுமந்து சென்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரயில் வந்ததும் சரக்கு மெல்ல மெல்லத் தண்டவாளத்துக்கு மாறியது. ஒயின் இன்னும் வேகமாக, இன்னும் தொலைவாகப் போயிற்று. வட்டாரம் முழுவதும் வேறு பயிரை விட்டுவிட்டுத் திராட்சையையே நம்பத் தொடங்கியது.

இங்கேதான் கணக்கின் முதல் வரி இருக்கிறது. ஒயின் கெடாத பொருள். பீப்பாயில் அடைத்து மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். ஊருக்கு வெளியே அனுப்பலாம். எனவே, மது ஊரைவிட்டு வெளியே போகும். பணம் ஊருக்குள்ளே வரும். கொடியை நட்டவன் கையில் ஓரளவாவது காசு தங்கும்.

கள் அப்படிப்பட்டதன்று

தென்னம்பாளையைச் சீவி வடிக்கும் சாறு, வடிந்த சில மணி நேரத்திலேயே காற்றிலுள்ள நுண்ணுயிர்களால் புளித்துக் கள்ளாகிவிடும். மறுநாள் பார்த்தால் புளிப்பு ஏறியிருக்கும்; பிறகு காடிதான். பீப்பாயில் அடைத்துப் பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் ஏற்ற முடியாது. இறக்கிய இடத்துக்குப் பக்கத்திலேயே, இறக்கிய நாளிலேயே குடித்துத் தீர்க்க வேண்டும்.

இதனால் என்ன ஆகிறது? கள்ளை வாங்குபவன் வெளியூர்க்காரனாக இருக்க முடியாது. உள்ளூரிலேயே, கையில் கூலி இருக்கிற ஒருவன் வேண்டும். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் அந்த ஒருவன் யார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. நம் தாத்தாக்கள்தாம்.

காலையில் பெரட்டுக்கு நின்று, பனி நனைக்கப் பால்மரம் வெட்டி, நண்பகலில் பாலை எடுத்துக் கொட்டாய்க்குக் கொண்டுவந்து கொட்டியவர்கள். 1930களில் ஓர் ஆணின் நாட்கூலி 50 காசு அளவில் இருந்தது. பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. மாலையில் லயத்துக்கு அருகிலேயே கள்ளுக்கடை திறந்திருக்கும். தோட்ட நிர்வாகமே உரிமம் பெற்று அந்தக் கடையை நடத்தியது. கோயில் தொலைவில் இருக்கலாம், மருத்துவமனை தொலைவில் இருக்கலாம். கள்ளுக்கடை மட்டும் கூப்பிடு தூரத்தில் இருந்தது.

கடையின் இலாபத்திலிருந்து 'கள்ளு நிதி' என்று ஒன்று சேர்க்கப்பட்டது. அதிலிருந்து தொழிலாளர் நலனுக்குச் செலவழிப்பதாக நிர்வாகங்கள் சொல்லிக்கொண்டன. இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று பார்க்க வேண்டும். துரை கூலி கொடுக்கிறார். அதில் ஒரு பகுதி அன்று மாலையே துரையின் கடைக்குத் திரும்புகிறது. அப்படித் திரும்பிய பணத்தில் ஒரு பகுதி, திருவிழாவுக்கோ விளையாட்டுக்கோ 'உதவி'யாக மீண்டும் தொழிலாளியிடம் வருகிறது. தன் காசையே நன்கொடையாகப் பெற்று, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டிய நிலை.

கள் உடம்புக்கு நல்லது, சத்துள்ளது என்ற வாதமும் அப்போது தோட்ட உரிமையாளர்களிடம் இருந்தது. கள்ளில் சத்து இருக்கலாம். ஆனால், தொழிலாளியின் உடல்நலத்தில் உண்மையான அக்கறை இருந்திருந்தால், அது முதலில் கூலியிலும் குடிநீரிலும் அல்லவா தெரிந்திருக்க வேண்டும்?

ஆர்ஜெலியேயில் மது வெளியே போய்ப் பணம் உள்ளே வந்தது. தோட்டத்தில் மது உள்ளேயே தீர்ந்து பணம் வெளியே போனது. திராட்சைக் கொடி அதை நட்டவனுக்குச் சொந்தம். தென்னை மரமும் கடையும் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. குடி மட்டும்தான் சொந்தம். ஒரே பொருள் ஓர் ஊரை ஆக்கியதற்கும் இன்னோர் ஊரைக் கரைத்ததற்கும் காரணம் இந்த வேறுபாடுதான் என்பது என் கருத்து. பிரெஞ்சுக்காரன் நாகரிகமாகக் குடிப்பான், தமிழன் அப்படியில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

நம்மவர் சும்மா இருக்கவில்லை

தோட்டத் தமிழர் குடித்து மயங்கிக் கிடந்தார்கள், கேள்வி கேட்கத் தெரியாமல் இருந்தார்கள் என்றொரு சித்திரம் நம் மனத்தில் எப்படியோ பதிந்துவிட்டது. இது உண்மைக்குப் புறம்பானது.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்த ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும். கூலி உயர்வு கேட்டார்கள். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். முறையான தமிழ்க் கல்வி கேட்டார்கள். துரைக்கும் கிராணிக்கும் முன்னால் மிதிவண்டியில் ஏறிச் செல்ல அனுமதி கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: கள்ளுக்கடைகளை மூட வேண்டும். எந்தச் சீர்திருத்தவாதியும் வெளியிலிருந்து வந்து திணித்த கோரிக்கையன்று அது. கூலியோடும் மானத்தோடும் சேர்த்து, ஒரே மூச்சில் அவர்களே கேட்டது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சிலாங்கூரில் அவசரநிலை பிறப்பிக்கப்பட்டது.

போர் முடிந்தது. ஜப்பானியர் காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பயிற்சி பெற்ற இளைஞர்கள் தோட்டங்களுக்குத் திரும்பியிருந்தார்கள். நேற்றுவரை தலைகுனிந்து நின்றவர்கள் நிமிர்ந்து நடக்கப் பழகியிருந்தார்கள். அந்தச் சூழலில் கெடா மாநிலம் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு 'தொண்டர் படை' உருவாயிற்று. ஏ. எம். சாமி என்பவர் அதை வழிநடத்தினார். இளைஞர்கள் சீருடை அணிந்தார்கள், அணிவகுத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் சென்று குடிக்கு எதிராகப் பேசினார்கள். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள்.

நிர்வாகங்களும் காவல்துறையும் இதை வெறும் மதுவிலக்குப் பிரச்சாரமாகப் பார்க்கவில்லை. கடை வாசலில் ஒன்றுசேரத் தெரிந்த கூட்டம் நாளைக்குக் கூலிக்காகவும் ஒன்றுசேரும் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1947இன் முற்பகுதியில் பீடோங்கிலும், புக்கிட் செம்பிலான் தோட்டத்திலும், டப்ளின் தோட்டத்திலும் மோதல்கள் நிகழ்ந்தன. பலர் கைதானார்கள். தொழிலாளர் உயிர்கள் பறிபோயின. கள்ளுக்கடையை மூடு என்று சொன்னதற்காக இந்த மண்ணில் தமிழர் இரத்தம் சிந்தியிருக்கிறது.

மாணவ நண்பர்களே, ஹார்வர்ட் என்றதும் நமக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான் நினைவுக்கு வருகிறது. அதில் இடம் கிடைத்தால் ஊரே கொண்டாடும். பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தையும், அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகளையும் நினைத்துப் பார்ப்பவர் எத்தனை பேர்?

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆர்ஜெலியேயில்

இப்போது மீண்டும் அந்தக் கால்வாய்க்கரை ஊருக்குப் போவோம். அங்கேயும் 1907இல் ஒரு போராட்டம் வெடித்தது. எதற்காக? கடையை மூடுவதற்காக அன்று. கலப்பட மதுவை ஒழிப்பதற்காக.

முன்பே சொன்னதுபோல் வட்டாரம் முழுவதும் ஒயினையே நம்பியிருந்தது. ஊரை வாழவைத்த அதே வழி, ஊரைச் சந்தை விலைக்கு அடிமையாக்கியது. சர்க்கரையும் நீரும் கலந்து தயாரித்த போலி ஒயின் சந்தையில் குவிந்தது. விளைச்சலும் மிகுந்தது. விலை விழுந்தது. திராட்சையை உண்மையாகப் பயிரிட்டவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஆர்ஜெலியேயில் சிறிய காப்பிக்கடை ஒன்றை நடத்திக்கொண்டு கொஞ்சம் திராட்சையும் பயிரிட்டவர் மார்ஸலன் அல்பேர். 1907 மார்ச் 11ஆம் நாள், அவரோடு சேர்ந்து அவ்வூரார் 87 பேர் நார்போன் நகருக்குக் கிளம்பினார்கள். ஒயின் நெருக்கடியை விசாரிக்க வந்திருந்த நாடாளுமன்றக் குழுவிடம் தங்கள் குறையைச் சொல்வதுதான் நோக்கம். நடந்தது இவ்வளவுதான். ஆனால், திரும்பி வந்து அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஊரில் ஒரு குழு அமைத்தார்கள். 'அபாயமணி' என்று பொருள்படும் பெயரில் சொந்தமாக ஓர் இதழ் நடத்தினார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு நகரில் கூட்டம். ஜூன் 9ஆம் நாள் மோன்பெலியே நகரில் திரண்டவர்கள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மார்ச்சில் 87 பேர். ஜூனில் ஐந்து இலட்சம்!

அரசு படையை அனுப்பியது. ஜூன் 19, 20ஆம் நாள்களில் நார்போனில் துப்பாக்கிச் சூடு நடந்து மக்கள் இறந்தார்கள். அவ்வட்டார இளைஞர்களையே கொண்டிருந்த 17ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்கள், தங்கள் மக்கள்மீது சுட மாட்டோம் என்று கலகம் செய்து பெசியே நகருக்கு நடந்தார்கள். ஜூன் 29ஆம் நாள் கலப்படத்துக்கு எதிரான சட்டம் நிறைவேறியது.

அல்பேரின் முடிவு சோகமானது. பிரதமர் கிளெமான்சோவைச் சந்திக்கப் பாரிஸ் சென்றார். ஊர் திரும்ப இரயில் கட்டணத்துக்கென்று பிரதமர் 100 பிராங்க் கொடுத்தார். வெள்ளந்தியாக வாங்கிக்கொண்டார். அந்தச் செய்தி பரவியதும், விலைபோனவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. 1921இல் வறுமையில் இறந்தார்.

இரண்டு போராட்டங்களும் எதிரெதிரானவைபோல் தோன்றும். 1907இல் ஒரு கூட்டம் மதுவுக்காகப் போராடியது. 1947இல் இன்னொரு கூட்டம் மதுவுக்கு எதிராகப் போராடியது. உற்றுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தன் உழைப்பின் பலன் வேறொருவன் கைக்குப் போவதை எதிர்த்து எழுந்த எளிய மக்களின் போராட்டங்கள் அவை.

மறுப்புகளும் விடைகளும்

இதைப் படிக்கும் சிலர், "பிரான்சில் மட்டும் குடியால் யாரும் கெடவில்லையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கெட்டார்கள். அதனால்தான் 1991இல் எவின் சட்டம் என்ற பெயரில் மது விளம்பரங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் இருந்ததைவிட இன்று பிரெஞ்சுக்காரர்கள் குடிக்கும் ஒயினின் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. திராட்சைத் தோட்டங்களிலும் எல்லாரும் நிலவுடைமையாளர்கள் அல்லர். அங்கே கூலிக்கு உழைத்தவர்கள் 1904இல் தோட்ட முதலாளிகளை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள்தாம். ஆர்ஜெலியேயைச் சொர்க்கமாக வரைவது என் நோக்கமில்லை.

இன்னும் சிலர் வேறொரு திசையில் போவார்கள். "கள் நம் பாரம்பரிய பானம். ஒயினுக்கு உலகப் பாரம்பரிய மரியாதை என்றால் கள்ளுக்கு ஏன் இல்லை?" என்பார்கள். தமிழ்நாட்டில் இது வெறும் பேச்சன்று. அங்கே 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது; ஆனால், அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கடைகளில் ஆலை மது விற்கப்படுகிறது. மரமேறியின் தொழில் குற்றம், ஆலையின் சரக்கு வருமானம் என்றால், அதை எதிர்க்கும் பனை, தென்னை விவசாயிகளின் குரலில் ஆர்ஜெலியேயின் குரல் கேட்கத்தான் செய்கிறது. அதே தமிழ்நாட்டில், கள்ளுண்ணாமைக்காகத் தம் தோப்பிலிருந்த தென்னை மரங்களையே வெட்டியவர் பெரியார் என்பதையும் மறப்பதற்கில்லை. இரண்டு நிலைப்பாடுகளுக்கும் அந்த மண்ணில் வேர் இருக்கிறது.

நம் நாட்டு நிலை வேறு. இங்கே தோட்டத்துக் கள்ளுக்கடையைப் பாரம்பரியம் என்று அழைத்து, சுவரில் பழைய படம் மாட்டி, ஏக்கத்தோடு பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கடை வாசலில் அடிபட்டவர்களின் கதையைச் சொல்லாமல் கள்ளின் மணத்தை மட்டும் நினைவுகூர்வது, பாதி வரலாற்றை மறைப்பதாகும்.

கடையை எதிர்ப்பதோடு நின்றுவிட்டால் போதுமா என்றால், போதாது என்பேன். இதற்கும் இரண்டு ஊர்களிலும் சான்று உண்டு. ஆர்ஜெலியேயிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத மரோசான் என்னும் சிற்றூரில், சிறு பயிராளர்கள் 1901இலேயே ஒன்றுகூடித் தங்கள் ஒயினைச் சேர்ந்து விற்கக் கூட்டுறவு தொடங்கினார்கள். பின்னர் அந்த வட்டாரம் முழுவதும் கூட்டுறவு ஒயின் நிலையங்கள் பரவின. மறியல் நெருப்பு அணைந்த பின்னும் ஊரைக் காத்தது அந்த அமைப்புதான்.

நம்மிடமும் அப்படி ஒன்று நடந்தது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுக் கிளம்பின. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்குதாரராகுங்கள் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். 1947இல் கள்ளுக்கடை வாசலில் அடிபட்ட அதே கெடாவில், பதினைந்து ஆண்டுகளுக்குள் தொழிலாளர் காசு தோட்டத்தையே வாங்கியது. மாதம் 10 வெள்ளி என்பது அன்று சிறு தொகையன்று. கள்ளுக்கடைக்குப் போகாமல் மிச்சப்பட்ட காசும் அதில் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இன்றைய கடை

"இதெல்லாம் பழங்கதை. தோட்டமே இல்லை, கள்ளுக்கடை எங்கே?" என்று நீங்கள் கேட்கலாம். தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. அங்கிருந்தவர்கள் பட்டணங்களுக்கு வந்தார்கள். 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை எழுந்தபோது தீவுக்கு வந்து, ஜெலுத்தோங் போன்ற இடங்களில் வாடகை வீடு பிடித்த குடும்பங்கள் உண்டு. மக்கள் இடம் மாறினார்கள். கடையும் அவர்கள் பின்னாலேயே வந்தது.

கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. சிறிய போத்தல், மலிவு விலை, கடுமையான போதை. இதற்கு எதிராகப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் இடைவிடாமல் குரல் கொடுத்தது. அரசாங்கம் மது வாங்குவதற்கான வயதை 18இலிருந்து 21ஆக உயர்த்தி, 2017 டிசம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது. மறு ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து வந்த தொழிலாளர்கள். 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

இறந்தவர்கள் யார் என்று பாருங்கள். ஒரு காலத்தில் நம் தாத்தா நின்ற இடத்தில் இன்று நேப்பாளத்து இளைஞன் நிற்கிறான். ஊரை விட்டு வந்தவன், கூலி குறைந்தவன், கேட்பாரற்றவன் எங்கே இருக்கிறானோ அங்கே மலிவு மதுக்கடை முளைக்கிறது. இதை நன்கு அறிந்திருக்க வேண்டிய சமூகம் நாம். அந்த இளைஞனைப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை.

நினைவு என்னும் கடன்

பிரான்சின் அந்த வட்டாரம் 1907ஐ மறக்கவில்லை. ஏமாளி என்று தூற்றப்பட்ட மார்ஸலன் அல்பேரின் பெயரைப் பல ஊர்களில் தெருக்களுக்குச் சூட்டியிருக்கிறார்கள். நூற்றாண்டு நிறைவான 2007இல் நினைவு நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். காப்பிக்கடைக்காரரோடு ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள் 87 பேர் என்ற எண்ணிக்கை வரை நமக்குத் தெரிகிறதென்றால், அவர்கள் எழுதி வைத்தார்கள், பாதுகாத்தார்கள் என்பதே காரணம்.

நம் தொண்டர் படையில் எத்தனை பேர் இருந்தார்கள்? சீருடையைத் தைத்துக் கொடுத்தவர் யார்? மறியலுக்குப் போன கணவனுக்குச் சோறு கட்டிக்கொடுத்த பெண் என்ன நினைத்தாள்? அவளும் வாசலில் நின்றாளா? ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது காலனித்துவ அரசின் கோப்புகளை. அடித்தவன் எழுதிய குறிப்பிலிருந்து அடிபட்டவனின் கதையைத் தேட வேண்டியிருக்கிறது.

1947ஐ இளைஞராகக் கண்டவர்களில் இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலராகவே இருப்பார்கள். ஆனால், அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சுங்கை பட்டாணியிலும் பீடோங்கிலும் மட்டுமல்லாமல், இடம்பெயர்ந்து வந்து இங்கே நம் பக்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள். 2027இல் அந்தப் போராட்டத்துக்கு எண்பது ஆண்டுகள். நம் கழகம் ஆண்டுதோறும் கவிதைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் நடத்துகிறது. நல்லதுதான். அதோடு, ஆண்டுக்கு ஒரு விடுமுறையில் பத்து மாணவர்கள் கெடாவின் தோட்டப்புறங்களுக்குச் சென்று, முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, நூலகத்தில் சேர்த்தால் என்ன? கைப்பேசி ஒன்றே போதும். தமிழ் பேசவும் எழுதவும் தெரிந்த பட்டதாரிகள் செய்யாமல், இதை வேறு யார் வந்து செய்யப் போகிறார்கள்?

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலேயே தொடங்குங்கள். அப்பாவிடமோ அத்தையிடமோ, "நம் தோட்டத்தில் கள்ளுக்கடை எங்கே இருந்தது? யார் நடத்தினார்கள்? எப்போது மூடினார்கள்?" என்று இந்த மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள். விடையை நாள், இடம், பெயரோடு எழுதி நமக்கு அனுப்புங்கள்.

குடிக்காதே என்று அறிவுரை சொல்வது எளிது. அதைப் பலர் சொல்லிவிட்டார்கள். கடை யாருடையது என்று கேட்கத் துணிந்தவர்கள் சிலரே. பால்மரம் வெட்டிய கைகளோடு அதைக் கேட்டுவிட்டுப் போனார்கள். படித்த நாம் குறைந்தபட்சம் அவர்களின் பெயர்களையாவது எழுதி வைப்போம்.